சீசர் வாயில் இருந்த ரத்தம்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே அனல். சென்னிமலைப் பக்கம் கருப்பாக ஏதோ திரண்டது. மழை என்று ஏமாந்தேன். பெருந்துறை ஆலைப் புகை.

எங்கள் நாய் ஜாக்கியின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தாயிற்று. உண்ணிக் காய்ச்சல். உடம்பில் இருக்க வேண்டிய ரத்தத்தில் பாதிதான். டாக்டர் கீழ் இமையை இழுத்துக் காட்டினார். உள்ளே வெள்ளை வெளேர் என்று. பதினாலு வயது. ஒரு கண் போய்விட்டது. வாயில் நாலு பல் தேறினால் அதிகம். இனி வைத்தியத்தைவிடப் பக்குவமாகப் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம் என்றார். அதைச் சொல்ல ஒரு டாக்டர்.

செய்ய வேண்டியவை:
மாத்திரை, காலையும் இரவும், சோற்றுக்குப் பின்.
டானிக். மூக்கைச் சுளிக்கும். தயிரில் கலக்கி.
உண்ணி பிடுங்கி சோப்புத் தண்ணீரில் போடுவது. காதுக்குள் மறக்காமல்.
மேற்குத் தோட்டத்து மோட்டாருக்குக் காயில் கட்டி முடிப்பது. தோட்டக்காரர் இன்றும் போனில் கத்தினார்.

இமையை நாலாவது தடவை இழுத்துப் பார்த்தபோது வசந்தா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "உங்கம்மா படுத்திருந்தப்ப இத்தன தடவ எந்திரிச்சுப் பாத்தீங்களா?" பதில் சொன்னால் சோறு கிடைக்காது.

வாட்சப்பில் கிழட்டு நாய் வளர்க்கிற எங்கள் கூட்டத்தில் திலகவதி கேட்டிருந்தார், சீசருக்கும் ஈறு வெளுத்துக் கிடக்கிறது, என்ன கொடுக்கலாம் என்று. அடுத்த தெருவில் மாவு மில் வைத்திருப்பவர். புருஷன் போன பிறகு அந்த லேப்ரடார்தான் எல்லாம். அதற்குப் பின்னங்கால் இரண்டும் போய்விட்டது. வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கித்தான் வெளிக்குக் கூட்டிப்போவார்.

நான் எழுதினேன்: சுவரொட்டி. ஆட்டு மண்ணீரல். மனுசனுக்கே ரத்தம் ஊறும், நாய்க்கு ஊறாதா. பச்சையாகக் கொடுங்கள், சுட்டால் சத்துப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போகும்போது உங்களுக்கும் சேர்த்து வாங்கி வருகிறேன்.

எல்லோரும் கட்டைவிரல் காட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

மார்ச் 5, வியாழன்

மோட்டார் கடையைத் திறக்கவில்லை. சென்னியப்பன் பட்டியில் நாய் புகுந்துவிட்டது.

எங்கள் தெரு முடிந்து சோளக்காட்டைத் தாண்டினால் அவர் ஆட்டுப்பட்டி. போய்ப் பார்த்தேன். போயிருக்கக் கூடாது. செம்மறிகள் ஒன்றன்மேல் ஒன்றாக. தொண்டை தொண்டையாகக் கடித்திருக்கிறது. தின்னவும் இல்லை. கடித்துப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறது. ஒரு சினையாடு குடல் தரையில் இழுபட வேலியோரம் நின்றுகொண்டிருந்தது, நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. சென்னியப்பன் கொடுவாளோடு வந்து அதன் தலையைத் தொடையில் சாய்த்துக்கொண்டு அறுத்தார். பிறகு அடுத்தது. உயிர் இருந்ததையெல்லாம் அவரே முடித்தார். முழங்கை வரை ரத்தம்.

பட்டியைக் காக்கிற வீரன் காது கிழிந்து வாசலில் படுத்திருந்தது. ஒற்றையாக நின்று சண்டை போட்டிருக்கிறது என்று ஆளாளுக்கு அதைத் தடவிக் கொடுத்தார்கள். ஜாக்கிக்கு வாங்கிய புண் மருந்தை எடுத்து வந்து நானே காதைத் துடைத்துப் போட்டுவிட்டேன். நல்ல நாய். கையை நக்கியது.

கடைசி ஆட்டை இழுத்துப் போட்டபிறகுதான் சென்னியப்பன் வாயைத் திறந்தார். "ரோட்டு நாயோ ஊட்டு நாயோ, எது வாயில ரத்தத்தப் பாத்தாலும் அடிச்சுப்போடுவேன். இப்பவே சொல்லிப்போட்டேன்."

அடிங்க, நானும் வாரேன் என்றேன். அந்தச் சினையாட்டைப் பார்த்த எவனும் அப்படித்தான் சொல்லியிருப்பான்.

மார்ச் 8, ஞாயிறு

மத்தியானம்.

காலையில் கறிக்கடை. இரண்டு சுவரொட்டி. ஒன்றைத் திலகவதி வீட்டில் கொடுத்துவிட்டு, பச்சையாகத்தான் என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு வந்தேன். நம் வீட்டில் வசந்தா பச்சையாகக் கொடுக்க விடவில்லை. வீடெல்லாம் கவிச்சி அடிக்கும் என்று தோசைக்கல்லில் போட்டுப் புரட்டி, நறுக்கி, ஜாக்கிக்கு ஊட்டினாள். நான் முணுமுணுத்தேன். சத்தெல்லாம் கல்லில் போச்சு என்றேன்.

விடியும்போது பட்டியில் மறுபடியும் கடித்திருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தடியும் கம்பியுமாக வீடு வீடாக நாய் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தார்கள். சென்னியப்பன் முன்னால். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். ஜாக்கி உதட்டைத் தூக்கினார்கள். "இது பொறையவே ஊற வெச்சுத்தான் திங்கோணும்" என்றான் ஒருத்தன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்து டீ குடித்தேன். சுவரொட்டி ஞாபகம் வரவில்லை. சத்தியமாக வரவில்லை.

திலகவதியின் குரல் கேட்டபிறகுதான் வந்தது. டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அவர் பின்பக்கம் கை கழுவப் போயிருக்கிறார். சீசர் வாசல் கிரில் ஓரம் படுத்திருந்திருக்கிறது. வெள்ளை முகம், வெள்ளை நெஞ்சு, எல்லாம் ரத்தம். அவர்கள் கிரில்லைத் தள்ளியதும் வாலை ஆட்டியிருக்கிறது. முதல் அடி முதுகில்.

நான் போகும்போது நாலு பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். முன்னங்கால் இரண்டையும் ஊன்றி உடம்பை இழுக்கப் பார்க்கிறது, பின்பக்கம் வர மாட்டேன் என்கிறது. ஒரு கம்பி அடியில் முன்னங்காலும் ஒடிந்தது. சத்தம் கேட்டது. திலகவதியை இரண்டு பேர் பிடித்து வைத்திருந்தார்கள். நடக்காதுங்க, நடக்காதுங்க என்று அவர் கத்தினார். ராத்திரியில நடக்குமாக்கும் என்றான் பிடித்திருந்தவன். நான் உள்ளே விழுந்தேன். என் தோளில் ஒரு அடி, யாருடையதோ. சுவரொட்டிடா, நான் குடுத்த சுவரொட்டிடா என்று கத்தினேன். யாருக்கும் அது காதில் ஏறவில்லை. சென்னியப்பன் தலையில் ஒன்று போட்டார். அதோடு முடிந்தது.

தட்டில் இன்னும் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. எடுத்து சென்னியப்பன் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன். பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். தடியைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 9, திங்கள்

மாவு மில்லுக்குப் பின்னால் புதைத்தோம். குழி வெட்டியது நான். அது வரைக்கும் பொறுத்துக்கொண்டேன்.

அங்கிருந்து நேராகக் கடைக்கு வந்து, காயிலை உள்ளே தட்டுகிற மரச்சுத்தியலை எடுத்துக்கொண்டு சோளக்காட்டில் இறங்கினேன். சென்னியப்பன் வேலி கட்டிக்கொண்டிருந்தார். ஏனுங்க என்று கூப்பிட்டேன். திரும்பினார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஓங்கி ஒரே போடு. எலும்பு இறங்கியது கையில் தெரிந்தது. நன்றாக இருந்தது. பொய் எதற்கு, நன்றாகத்தான் இருந்தது. அவர் மறுகையால் என் வாயில் குத்தினார். விழுந்து புரண்டோம். வீரன் என் வேட்டியைக் கடித்து இழுத்தது. ஆட்டு ரத்தம் காய்ந்த மண் வாய்க்குள் போய்விட்டது.

ஸ்டேஷனில் இரண்டு பேரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு, வயசுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கங்க என்று அனுப்பிவிட்டார்கள்.

முன்பல் ஒன்று போச்சு. வசந்தா உப்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். இனி ஜாக்கிக்கும் உங்களுக்கும் சேத்தே சோறு கொழைக்கிறேன் என்றாள். பிறகு அடுக்களைக்குள் போய் அழுதாள்.

மார்ச் 11, புதன்

வெயில். வாய் வீக்கம். மேற்குத் தோட்டத்து மோட்டார் முடிந்தது, எடுத்துப்போக ஆள் வரவில்லை. ஊரில் என்னைப் பார்த்து ஒதுங்குகிறார்கள் போல. ஒதுங்கட்டும்.

ஜாக்கி இமையில் கொஞ்சம் ரோஸ் நிறம் வந்திருக்கிறது. மாத்திரை வேலை செய்கிறது. சந்தோஷப்பட முடியவில்லை.

திலகவதி வீட்டுக்குப் போனேன். கிரில்லையும் தரையையும் தேய்த்துக் கழுவியிருந்தார். தரை இடுக்கில் மட்டும் சிவப்பு போகவில்லை. உள்ளே வரச் சொன்னார், போகவில்லை. நின்றபடியே சொன்னேன். நான்தான். நான் பச்சையாகக் கொடுக்கச் சொன்னதுதான்.

"தெரியுமுங்க" என்றார். "என்ற கையாலதானே ஊட்டுனேன். வெரலெல்லாம் நக்குச்சு."

வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு, "அடிக்கறப்ப அவங்கள ஒருக்காக்கூடப் பாக்கலீங்க. என்னையத்தான் பாத்துச்சு. துண்டப் போட்டுத் தூக்குவேன்னு."

மில்லில் யாரோ மிளகாய் அரைக்க வந்திருந்தார்கள். எழுந்து போய்விட்டார். நான் வாசலிலேயே நின்றுவிட்டு வந்தேன்.

மார்ச் 14, சனி

நாய் வைத்திருக்கிற வீட்டிலெல்லாம் கதவைப் பூட்டி உள்ளே கட்டிவைத்திருக்கிறார்கள். வாட்சப் கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார், பீட்ரூட் சாறு கொடுக்கலாமா, வாய் சிவந்துவிடுமே என்று. இந்த அளவுக்கு வந்துவிட்டது. கொடுக்காதீர்கள் என்றுதான் நானும் எழுதினேன்.

சென்னியப்பன் தோளில் கட்டோடு பட்டிக்குள்ளேயே கட்டில் போட்டுப் படுக்கிறாராம். கொடுவாள் தலைமாட்டில். எந்த நாய் வந்தாலும் இந்தத் தடவை தப்பாது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள்.

மார்ச் 15, ஞாயிறு

பொழுது விடிந்து கதவைத் திறந்தால் வாசலில் சென்னியப்பன். ஒரு தோளில் கட்டு. மறுகையில் சங்கிலி. சங்கிலியில் வீரன். அதன் வாயைத் துண்டால் துடைத்திருக்கிறார், சரியாகத் துடைபடவில்லை. மீசை மயிரில் ரத்தம் காய்ந்திருந்தது.

"என்ற நாயிதானுங்க" என்றார். "கண்ணு முன்னால. தொண்டையப் புடிச்சு உலுக்கிப்போட்டு என்ற கட்டலுக்கடியில வந்து படுத்துக்குது."

அந்தக் காது கிழிந்தது சண்டையில் இல்லையாம், ஆட்டுக்கிடாய் முட்டியதாம். நான் மருந்து போட்ட காது.

"கொடுவாள எடுத்துட்டுத்தான் போனேன். வால ஆட்டுதுங்க. என்னால முடியல. பசங்களுக்குத் தெரிஞ்சா அடிச்சுப்போடுவாங்க. நீங்க நாய்ப் பாடு தெரிஞ்சவங்க. எங்கயாச்சும் மறைச்சு வெச்சுருங்க."

என் கையில் போன் இருந்தது. சீசரை அடித்த அதே நாலு பேர் நம்பரும் அதில் இருந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் போதும், தடியோடு வந்துவிடுவார்கள், இந்த ஆள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். விரல் அதன் மேலேதான் இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வசந்தா பின்னாலிருந்து என் தோளைத் தொட்டாள்.

"எங்கிட்டச் சொல்லாதீங்க. சொல்ல வேண்டிய எடம் வேற" என்று திலகவதி வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

அவர் வாசல் கூட்டிக்கொண்டிருந்தார். சென்னியப்பன் சொன்னார். முழுசாகச் சொன்னார். திலகவதி கேட்டு முடித்தார். பிறகு கையிலிருந்த சீமாற்றால் அடித்தார். மூஞ்சியில், தலையில், கட்டுப் போட்ட தோளில். சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கையைத் தூக்கவில்லை. சீமாறு பிரிந்து ஈர்க்கு ஈர்க்காகச் சிதறியது. விட்டுவிட்டுக் கையால் அறைந்தார். நான் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றவும் இல்லை.

வீரன் உறுமிக்கொண்டு பாய்ந்தது. திலகவதியின் முன்னங்கையில் ஒரு கடி. ரத்தம். அப்போதுதான் திலகவதி நின்றார். மூச்சு வாங்கியது. சென்னியப்பனுக்கு முன்னால் குறுக்கே நின்றுகொண்டு பல்லைக் காட்டுகிற அந்த நாயைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

சென்னியப்பன் கையிலிருந்து சங்கிலியைப் பிடுங்கி, சீசர் படுத்துக் கிடந்த கிரில்லில் மாட்டினார்.

"இது இங்கிருக்கட்டும். நீங்க போங்க."

அவர் போகவில்லை. அடிக்க மாட்டீங்களே அம்மணி என்று கேட்டார். திலகவதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாய் கதவைப் பார்த்துக் குரைத்தது. நாங்கள் இரண்டு பேரும் தெருவில் நின்றுகொண்டிருந்தோம், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல்.

திலகவதி கைக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது வசந்தா.

சாயங்காலம் திலகவதியிடமிருந்து ஒரு செய்தி. கூட்டத்தில் போடவில்லை, எனக்கு மட்டும்.

காலையில இருந்து எதுவும் திங்காமக் கிடக்குது. என்ன குடுக்கலாம்? சுவரொட்டின்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க.