ஈரத் தண்டவாளத்தில் மணல்

இன்று காலை சுங்குவார்சத்திரம் டீக்கடையில் பாய்லர் மூடியைத் திறந்தார்கள். கரிப்புகையும் நீராவியும் சேர்ந்து முகத்தில் அடித்தன. உடனே உன் ஞாபகம்.

ஒரகடம் ஃபேக்டரியில் நம் லைனுக்குப் புது மெஷின் வந்தபோது, பயிற்சிக்கென்று நம் இருவரையும் ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போர்வைக்குள் கிடந்தேன். சங்கரன்கோவில்காரன் நீ, ஜன்னலோரம் நின்றிருந்தாய்.

"ஏல, எங்கனயோ ரயிலு கூவுது. வா, பாத்துட்டு வருவோம்."

"குளுருதுபா, நீ போய்ட்டு வா" என்றேன். நீ விடவில்லை.

இரண்டு சிற்றூர்களுக்கு நடுவே ஓடும் பழைய நீராவி ரயில் அது. ஓர் எட்டில் தாண்டிவிடக்கூடிய குறுகலான தண்டவாளம். பக்கத்துச் சாலையில் பஸ் நம்மை முந்திப் போனது. "பஸ்ஸு இருக்கையில இதுல எதுக்கு இத்தன பேரு ஏறுதாவ?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய்.

காட்டு மேட்டில் ரயில் நின்றது. தண்டவாளத்தில் ஈர இலைகள். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. கரி அள்ளிப் போடுகிறவர் மணல் வாளியோடு இறங்கினார். நான் எழுவதற்குள் நீ குதித்து, அவரோடு சேர்ந்து பிடிபிடியாக மணல் தூவிக்கொண்டிருந்தாய். ரயில் முனகி, இழுத்து, ஏறிவிட்டது. உன்னை அவர் எஞ்சினிலேயே ஏற்றிக்கொண்டார்.

அடுத்த ஊரில் கரி அப்பிய முகத்தோடு இறங்கி வந்தாய்.

"அவரு பல் டாக்டராம்ல. லீவு நாள்ல வந்து கரி அள்ளுதாரு. சம்பளமே கெடயாதாம்."

"சும்மாவா? நம்மள ஓவர்டைம் காசு இல்லாம ஞாயித்துக்கெழமை கூப்புட்டா வருவியா நீ?"

நீ கறுத்த உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். புறப்படும்போது அவர் உன் தோளை அணைத்து, காதில் ஏதோ சொன்னார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

"இன்னா சொன்னாரு?"

"பொறவு சொல்லுதேன்."

திரும்பி வந்ததும் உனக்குக் காலை ஷிஃப்ட், எனக்கு இரவு. கேட்டிலே பார்த்துக் கையசைப்பதோடு சரி. மறு வருஷம் மஞ்சள் காமாலை முற்றி ஊருக்குப் போன நீ திரும்பவில்லை.

உன் இங்கிலீஷும் அவர் இங்கிலீஷும் எனக்குத் தெரியும். அந்த அரைகுறைப் பேச்சில் அப்படிச் சிரிக்க என்ன இருந்தது? எத்தனையோ விதமாக யோசித்துவிட்டேன், பிடிபடவில்லை. ஆனால் ஒன்று. அதை யோசிக்கும்போதெல்லாம், காரணம் தெரியாமலே, நானும் சிரித்துவிடுகிறேன்.