கதை எழுதியவரின் மச்சினி

வெள்ளிக்கிழமை

இன்று வீட்டில் இருந்தவர்கள் நான், மகன் சேகர், பேத்தி திவ்யா, என் தங்கை கன்னியம்மா.

திவ்யா காலேஜ் பரீட்சைக்குப் படித்ததைச் சொன்னாள். குடும்பப் பாசத்தையே கதை கதையாக எழுதிய அந்தக் காலத்து வெள்ளைக்காரர் ஒருவர், பத்துப் பிள்ளை பெற்ற மனைவியை வீட்டை விட்டே அனுப்பிவிட்டாராம்.

"அந்தம்மா தங்கச்சி மட்டும் அவரு ஊட்டுலயே இருந்துகினாங்களாம், ஆயா."

"புள்ளைங்கள பாக்க ஆள் வோணாமா? நல்ல பொண்ணு," என்றாள் கன்னியம்மா. சேகர் தலையாட்டினான்.

என் பிரசவத்துக்கு ஒத்தாசையாக வந்தவள் அவள். என் புருஷன் என்னை ஆரணியிலிருந்த பிறந்த வீட்டுக்குத் துரத்தியபோது அவள் கிளம்பவில்லை. சேகர் அவளிடம்தான் வளர்ந்தான். இனி அவளும் இங்கேதான் என்று சேகர் இன்று சொல்லிவிட்டான். நைட் ஷிப்டுக்குக் கிளம்புமுன் என் அறை வாசலை அடைத்தாற்போல் அவளுக்குப் பாய் விரித்துவிட்டுப் போனான்.

படுத்திருப்பவளைத் தாண்டக் கூடாது. விடியும்வரை நான் உள்ளேதான். செத்த புருஷனைக்கூட மன்னித்தாயிற்று. மன்னிக்கவே மாட்டேன், கன்னியம்மாவை.