மூடிக்குள் போகாத காற்று

ஜூன் 7, 1971, திங்கள்

எங்கள் கம்பெனி செய்துகொண்டிருக்கும் புதுக் கார் இன்றும் என்னைக் குழப்பியது. முற்றத்தில் எஞ்சினை ஓடவிட்டுச் சும்மா நிறுத்தி வைத்தால் ஆயில் சூடு எண்பது டிகிரியைத் தாண்டுவதில்லை. நெடுஞ்சாலையில் ஏற்றி விரட்டினால் நூற்றிருபது, நூற்று முப்பது. முள் இறங்குவதாக இல்லை. வேகம் கூடினால் காற்றும் கூடும், சூடு தணிய வேண்டும். சைக்கிள் ஓட்டுகிற எவருக்கும் தெரிந்த விஷயம்.

எஞ்சின் பின்னால் இருப்பதுதான் வம்பு. முன்னால் எஞ்சின் உள்ள வண்டி எதிர்க்காற்றை வாய் திறந்து வாங்கிக்கொள்கிறது. எங்கள் வண்டி காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறது. பின்மூடியில் வெட்டிய பிளவுகள் வழியாக ஃபேன்தான் காற்றை இழுத்து எஞ்சின் மேல் ஊத வேண்டும். ஃபேனைக் கழற்றிப் பார்த்துவிட்டோம், அதில் குறையில்லை.

பிறகு ஏன்?

ஜூன் 12, சனி

அண்ணன் கெப்ஹார்ட் சாப்பிட வந்தான். பருப்பும் ஸ்பெட்ஸ்லே நூடுல்ஸும் வைத்தேன். தட்டில் கை வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள். எஞ்சின் அண்ணன் செய்தது. உடல், அந்த வழுக்கிக்கொண்டு இறங்கும் பின்பக்கம், எல்லாம் என் கணவன் வோல்க்மார் வரைந்தது. நடுவில் வெப்பமானியோடு நான்.

"மாப்பிள்ளை, ஆளோட மூக்கைப் பொத்திட்டு ஓடச் சொல்றீங்க. பிளவை இன்னும் பெருசா வெட்டுங்க."

"உலை கொதிச்சா அடுப்பைப் பாருங்க மச்சான். கூரையில ஏன் ஓட்டை போடச் சொல்றீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தான். "நீ சொல்லுடி ஹெட்விக். அளக்கறவ நீதானே."

"எனக்குத் தெரியல" என்றேன். இருவருக்கும் கோபம் வந்தது, என்மேல்.

ஜூன் 23, புதன்

வோல்க்மார் விட்டுக்கொடுத்தான். தகரம் வெட்டும்போது பக்கத்தில் நிற்கவில்லை, வெளியே போய்விட்டான். பிளவுகள் இப்போது இரண்டு மடங்கு.

ஓட்டிப் பார்த்தோம். சூடு *கூடியிருக்கிறது*.

வாசல் பெரிதானால் காற்று அதிகம் வரும் என்றுதானே உலகம் நினைக்கிறது? வெப்பமானியை மாற்றினேன். அதே கணக்கு. அண்ணன் கூடச் சிரிக்கவில்லை.

ஜூன் 24

புரியவில்லை.

ஜூலை 2, வெள்ளி

முதலாளி ஹேகலே அறைக்குக் கூப்பிட்டார். செப்டம்பர் கண்காட்சியில் வண்டி நிற்க வேண்டுமாம். "உங்க குடும்பச் சண்டையில என் கம்பெனி வேகுது. தப்பு எஞ்சின்லயா, உடம்புலயா? நீ அளந்து சொல்லு. யாரோடதோ அவன் வேற வேலை பாக்கட்டும்."

அளந்து சொல்வதாம். ஒரு பக்கம் தாலாட்டித் தூங்கவைத்த அண்ணன், ஒரு பக்கம் கட்டியவன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் இருவரும் என் முகத்தைப் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். நானே படிக்க முடியாத முகம்.

ஜூலை 14, புதன்

அண்ணன் இன்று தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு ட்ராக்கென்ஸ்டைன் ஏற்றத்துக்குப் போனான். என்னிடம் சொல்லவில்லை. ஏற்றத்தின் பாதியில் எஞ்சின் ஜாம் ஆகி, பின்சக்கரங்கள் இறுகி, வண்டி சுழன்று பாறையில் மோதியிருக்கிறது. உயிருக்கு ஒன்றும் இல்லை. இடது முழங்கால் நொறுங்கிவிட்டது.

மருத்துவமனை நடையில் வோல்க்மார் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். "நானா?" என்று கேட்டான். "என்னோட மூடியாலயா ஹெட்விக்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே. ஏன் வாய் வரவில்லை? தெரியாததைத் தெரியாது என்று சொல்லியே பழகிவிட்டேன் – அதனாலா? வேறு எதனாலுமா?

ஜூலை 18

வோல்க்மார் நேரத்துக்கு வீட்டுக்கு வருகிறான். சாப்பிடுகிறான், நன்றி சொல்கிறான்.

ஜூலை 27, செவ்வாய்

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

எத்தனை சூடு என்று அளந்தேனே தவிர, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று நான் பார்க்கவே இல்லை. சிவப்புக் கம்பளி நூலைத் துண்டு துண்டாக நறுக்கி, அதேபோல் செய்து வைத்திருந்த இரண்டாவது வண்டியின் பின்மூடி முழுக்க ஒட்டினேன். வோல்க்மாரை ஓட்டச் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. நான் என் வண்டியில் பின்னாலேயே போனேன்.

மெதுவாகப் போகும்போது பிளவோரத்து நூல்கள் உள்ளே இழுபட்டுக் கிடந்தன. சரிதான். வேகம் பிடித்ததும் ஒவ்வொன்றாக எழுந்து வெளியே நீட்டிக்கொண்டு துடித்தன. பிளவு வழியாகக் காற்று உள்ளே போகவில்லை. *வெளியே வருகிறது.*

அந்த வழுக்கும் முதுகின் மேல் காற்று வேகமாக ஓடுகிறது. ஓடுகிற ஓட்டத்தில் உள்ளே இருப்பதையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. ஃபேன் அதோடு மல்லுக்கட்டித் தோற்கிறது. வாசலைப் பெரிதாக்கினோம், உறிஞ்ச வசதியாகிவிட்டது.

அப்படியானால் ஃபேன் எந்தக் காற்றை ஊதுகிறது? முற்றத்தில் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் படுத்துப் பார்த்தேன். எஞ்சினைச் சுற்றி உடலோடு சேரும் இடத்தில் ரப்பர் பட்டை இருக்க வேண்டும். வரைபடத்தில் இருக்கிறது, வண்டியில் இல்லை. விரல் நுழையும் இடைவெளி. சைலன்சர் சூட்டில் காய்ந்த காற்று அதன் வழியாக மேலே வருகிறது. எஞ்சின் தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

மூடி வோல்க்மாருடையது. இடைவெளி அண்ணனுடையது.

யாரிடம் முதலில் சொல்வேன்?

ஜூலை 31, சனி

அண்ணனிடம் சொன்னேன். கால் கட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது. முதலில் சிரித்தான். "அந்தப் பட்டையா? அது இருந்தா எஞ்சினை இறக்கறதுக்குள்ள தாவு தீந்துடுதுடி. நான்தான் எடுத்துப் போடச் சொன்னேன்." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டான். "அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"என்னோடத முதல்ல சொல்லு."

ஆகஸ்ட் 1, ஞாயிறு

அப்படியே சொன்னேன். வோல்க்மார் கொஞ்சமும் சந்தோஷப்படவில்லை. மீதியையும் சொன்னேன்: மூடியின் கடைசியில், பிளவுகளுக்குப் பின்னால், ஒரு வரம்பு எழும்பி நிற்க வேண்டும். ஓடிவரும் காற்று அதில் முட்டித் தேங்கினால்தான் பிளவுக்குள் இறங்கும்.

"மூணு வருஷம் இழைச்ச முதுகு. அதுல கூன் வைக்கச் சொல்ற."

"ஆமா."

"உங்க அண்ணன் சொன்னானா?"

"நூல் சொல்லிச்சு."

கதவைச் சாத்தாமல் வெளியே போனான். அழுதேன். வண்டிக்காகவா, அவனுக்காகவா, எனக்காகவா?

ஆகஸ்ட் 5

ஹேகலேயிடம், "ரெண்டு பேரோட தப்பும்" என்றேன். "ரெண்டு பேரையும் அனுப்பினா வண்டிய யார் செய்வாங்க?" முதலாளி போய்த் தொலை என்பதுபோல் கையை அசைத்தார்.

ஆகஸ்ட் 12, வியாழன்

ரப்பர் பட்டையைப் போட்டாயிற்று. வரம்பை வோல்க்மாரே அலுமினியத்தில் தட்டினான், வேறு யாரையும் தொடவிடவில்லை. அதே ஏற்றம், அதே வெயில். நூல்கள் எல்லாம் பிளவுக்குள் தலையை நுழைத்துக்கொண்டன. உச்சியில் நூற்றைந்து. முள் அங்கேயே நின்றது.

இறங்கிப் போய் மூடியை ஒருதரம் பார்த்தான். "அசிங்கம்" என்றான். என் தோளில் கை வைத்தபடிதான் சொன்னான். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அக்டோபர் 19, செவ்வாய்

கண்காட்சி முடிந்து வண்டி விற்க ஆரம்பித்துவிட்டது. அண்ணனின் முழங்கால் இனி மடங்காதாம், கிளட்ச் மிதிக்க முடியாது. தினமும் காலையில் வோல்க்மார்தான் அவனை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போகிறான். யார் கேட்டது, யார் ஒத்துக்கொண்டது, எதுவும் எனக்குத் தெரியாது. இருவரும் மன்னிப்புக் கேட்டதாகவும் தெரியவில்லை.

அண்ணன் வீடு எதிரில்தான்; இன்று சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். அண்ணன் வண்டிக்குள் பாதி, வெளியே பாதி. உள்ளிருந்து கத்தினான், "நாளைக்கு நான் பஸ்ஸுலயே போய்க்கறேன் மாப்பிள்ளை!"

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க" என்றபடி வோல்க்மார் சுற்றி வந்தான். குனிந்து, அந்த மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தான். கோட்டின் நுனி கதவில் மாட்டாதபடி எடுத்து மடியில் போட்டுவிட்டு, கதவை மெல்லச் சாத்தினான்.