அப்பாவின் சிவந்த முகம்

தைபே

அன்புள்ள அப்பாவுக்கு, யுன்சிங் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் இருமல் குறைந்ததா?

ஆலை விருந்தில் ஒரு வாய் மதுவுக்கே என் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்தது. "ஒரு வாய்க்கே இந்த ஆட்டமாடி?" என்று தோழி பெய்லிங் சிரித்தாள். பயப்பட ஒன்றுமில்லை. ஆலை மருத்துவர் சொன்னார்: "மதுவைக் கல்லீரல் முதல்ல ஒரு நஞ்சா மாத்தும். அந்த நஞ்சை முறிக்கிற நொதி உனக்குச் சரியா வேலை செய்யலம்மா. பெத்தவங்க குடுத்த சொத்து!"

உடனே நம் வீட்டுப் புத்தாண்டுகள் நினைவுக்கு வந்தன. பெரியப்பா வற்புறுத்தி ஊற்றும் அந்த ஒரே கிண்ணத்தில் நீங்களும் இப்படித்தான் சிவப்பீர்கள். அந்தச் சிவப்பைப் பார்த்து உங்களைக் குடிகாரர் என்று நம்பி, தெருவில் உங்கள் கையை உதறிவிட்டு நடந்திருக்கிறேன். நீங்கள் என் பின்னாலேயே வந்தீர்கள்.

அம்மாவிடம் சொல்லி உப்பு முள்ளங்கி கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே வாங்குவதில் அந்த ருசி இல்லை. வேலைக்கு மணி அடித்துவிட்டது.

என்னை மன்னித்துவிடுங்கள், அப்பா.

யுன்சிங்