ஏழாவது ஃப்ரெட்டில் சிவப்புக் கோடு

வெள்ளிக்கிழமை இரவு, திண்டிவனம்.

இன்னும் கோபம் முழுசாக அடங்கவில்லை. கச்சேரிக் காசையெல்லாம் போட்டு வாங்கிய புது எலெக்ட்ரிக் கிட்டார். கழுத்தின் நடுவில் விரலை வைத்தாலே கிர்ரென்று தகரச் சத்தம் வருகிறது.

சென்னைக் கடைக்காரரைக் கூப்பிட்டேன். "கம்பெனியில செக் பண்ணித்தான் சார் அனுப்புறாங்க. வீடியோ கால்ல காட்டுங்க" என்றார். காட்டினேன். கிட்டாரின் தலையிலிருந்து கழுத்து முழுக்கச் சந்தனம், குங்குமம்.

"பூஜை போட்டுட்டீங்களா? அப்ப ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார்."

போனை வைத்துவிட்டு மனைவி ராணியிடம் கத்தினேன். அவள் விடுவாளா?

"புதுப் பொருளுக்குப் பொட்டு வெக்காம யாருனா எடுப்பாங்களா? இதுக்குப் போயி என்னாண்ட கத்திக்கினு இருக்கீங்க!"

துணியை எடுத்துக் கிட்டாரைத் துடைத்தேன். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஒவ்வொரு ஃப்ரெட் கம்பியும் பளிச்சென்று ஆனது. ஏழாவதின் அடியில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு போகவே இல்லை. அந்தக் கம்பி மரத்தில் சரியாக உட்காராமல் தூக்கிக்கொண்டு நிற்கிறது; தகரச் சத்தம் அதனால்தான். அந்த இடுக்கில் குங்குமம் புகுந்துவிட்டது.

ராணி எட்டிப் பார்த்தாள். "இதயே போட்டோ புடிச்சி அனுப்புங்க."

அனுப்பினேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் கடைக்காரரே கூப்பிட்டார். "கம்பெனில பேசிட்டேன் சார். வேற பீஸ் அனுப்புறோம்."

அடுத்து வரும் விக்கிரவாண்டிக் கச்சேரிக்குப் பழைய கிட்டாரே போதும். புதுசு வந்ததும் பெட்டியைப் பிரித்து முதலில் ராணியிடம்தான் கொடுப்பேன். ஒரு ஃப்ரெட் விடாமல் பொட்டு வைக்கட்டும்.