உயிர்க் கையொப்பம்

புதன், 09:10
நிலவு, தென்துருவம், இரண்டாம் நிலையம். எழுதுவது சலேத் மேரி, காற்றுப் பொறியாளர். இங்கே இரண்டே பேர்: நானும் சுரங்க வண்டி ஓட்டும் சுடலைமணியும். காற்றுப் பங்கீட்டை இனி பிளாக்செயினில், அதாவது அழிக்க முடியாத கணினிப் பேரேட்டில், தானே இயங்கும் ஒப்பந்த நிரலான ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் கவனிக்குமாம். நான் எழுதும் முதல் கான்ட்ராக்ட். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரின் உயிர்க் கையொப்பமும் வர வேண்டும்: எனக்கு என் நாற்காலி இடும், அவனுக்கு வண்டி வானொலி வழியே அனுப்பும். வராதவர் இறந்தவர். அவருக்குக் கதவு திறக்காது. அவர் அறைக் காற்றைத் தொட்டி திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இருவருமே இறந்தால், மீட்க வருபவர்களுக்காக எல்லாக் கதவுப் பூட்டும் விலகும். ஏற்றிய பிறகு யாராலும் திருத்த முடியாது.

வியாழன், 16:40
பதினேழு பிழைகள். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரின் பதிப்பு ஒத்துப்போகவில்லை, மாற்றினேன். தொடக்க மதிப்பு இல்லையென்று அடம்பிடித்தது, கொடுத்தேன். மரண விதியைச் சோதிக்க ஆறு மணி நேரம் யார் காத்திருப்பது? ஆறு நிமிடமாக்கி ஓட்டினேன். சோதனைக்கென்று உருவாக்கிய பொய்ப் பயனர் கணக்கு ஒன்று ஜோராகச் செத்தது.

வெள்ளி, 10:22
சுடலைமணி வண்டியில் கிளம்பி நிற்கிறான். வானொலியில் ஒரே நச்சரிப்பு.
“யக்கா, பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிச்சிரும். அதுக்குள்ள ஏத்திரு. மொத மொதல்ல செய்யுத காரியம்லா?”
நான் வேதக்காரி, ராகு காலம் பார்க்கும் வழக்கம் எங்களுக்கில்லை. இருந்தும் விரல் பரபரக்கிறது.

10:28
ஏற்றிவிட்டேன். ஒரு பிழைகூட இல்லை! அவனும் கிளம்பிவிட்டான்.

11:15
வண்டி மேட்டுக்கு அப்பால் போனதும் வானொலி அறுந்தது. வழக்கம்தான். ஆனால் திரையில்: சுடலைமணி, இறந்தவர். நிரலைத் திறந்தேன். 360 வினாடி. சோதனைக்குப் போட்ட ஆறு நிமிடத்தை மாற்றாமலே ஏற்றியிருக்கிறேன். என் நாற்காலி எனக்காகத் தானே கையொப்பமிடுவதால் எனக்குத் தெரியவில்லை. பாவி நான்.

11:40
மேட்டுக்கு அப்பால், அவன் காற்று நிரப்பிக்கொள்ளும் கொட்டகையின் வாசலிலிருந்து, கம்பித் தொலைபேசி வழியாக:
“யக்கா, கதவு தொறக்க மாட்டேங்கு. வண்டில அரை மணி நேரக் காத்துதான் கெடக்கு. என்னன்னு பாரேன்.”

11:52
அவனை மறுபடி கையொப்பமிடச் சொன்னேன். நிராகரிப்பு: இறந்தவரின் கையொப்பம் செல்லாது. புதிய கான்ட்ராக்ட் ஏற்றினேன். கதவுகள் பழையதற்கு மட்டுமே கீழ்ப்படிகின்றன. யாரும் ஏமாற்றக் கூடாதென்று நானே பூட்டிய பூட்டு. அவன் குரல் மாறிவிட்டது. மூச்சைச் சேமிக்கிறான்.

11:57
ஒரே வழி, கான்ட்ராக்டின் கணக்கில் இருவரும் இறப்பது. உடுப்பை மாட்டிக்கொண்டேன். உருளையில் நாற்பது நிமிடக் காற்று. நிரப்ப நேரமில்லை. எனக்காகக் கையொப்பமிடும் நாற்காலியின் கம்பியைப் பிடுங்கினேன்; ஆறு நிமிடத்தில் நானும் இறந்தவர். பயமாக இருக்கிறது.

12:04
“தொறந்துட்டு யக்கா! உள்ள உருளையெல்லாம் நெறையா இருக்கு. எப்பிடி சரி பண்ணுன? நான் ரொப்பிக்கிட்டு வாரேன், சேர்ந்து சாப்பிடுவோம்.”
அவன் வர எழுபது நிமிடம் ஆகும். இறந்தவர்களுக்குத் தொட்டி காற்று விடாது; வந்தால் இங்கே அவனுக்கும் காற்று இல்லை. சின்ன வேலை பாக்கி, மீட்பு வண்டி வரும்வரை அங்கேயே இரு, இது உத்தரவு என்றேன். ஏன் என்று சொல்லவில்லை.

12:27
அறையில் காற்று முழுதும் போய்விட்டது. உடுப்புக்குள் கம்பி இணைப்பு மட்டும் கேட்கிறது.
“யக்கா, கோவமா? ஏன் பேச மாட்டேங்க?”
கோபமில்லை தம்பி. பேசினால் காற்று செலவாகும். நீ பேசு. இன்னும் பத்து நிமிடம் நீ பேசிக்கொண்டே