தொட்டில் கொக்கியில தொங்குற இன்ஜின்

கிரேசி அப்பாவுக்கு,

எந்திரிச்சிட்டீங்களா? இடுப்பு வலி எப்படி இருக்கு? வலிக்கத்தான் செய்யும். தொட்டில் கட்டுற கொக்கியில யாராவது மோட்டார் சைக்கிள் இன்ஜினைத் தொங்க விடுவாங்களா?

"பழைய வண்டியை ஓட வச்சு, பேரப்பிள்ளையை அதுலதான் கூட்டிட்டு வருவேன்"னு குதிச்சீங்க. கிரேசி பெத்தே ஆச்சு, வண்டிக்கு இன்னும் சக்கரம் மாட்டல. நான் வாடகைக் காருல ஆஸ்பத்திரிக்குப் போறேன். சாயங்காலம் தாயும் பிள்ளையும் வந்திருவாங்க. அதுக்குள்ள இன்ஜினை இறக்கணும். தனியா தூக்காதீங்க, பக்கத்து வீட்டு ஜேசுதாசனைக் கூப்பிடுங்க. ரூம்ல பெட்ரோல் வாடையே இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்.

சாளைமீன் குழம்பு மூடி வச்சிருக்கேன். கிரீஸ் போகக் கை கழுவிட்டுச் சாப்பிடுங்க.

ஞானபாக்கியம்

பின்ன, கோவத்துல வண்டியை வெளிய தள்ளிராதீங்க. உப்புக்காத்துல துருப்பிடிச்சிரும். கொடியில ரெண்டு பழஞ்சேலை கிடக்கு. நீலம் தொட்டிலுக்கு, காப்பிக்கலர் இன்ஜினைப் பொதிய. மாத்திராதீங்க.

நேத்து மாதிரி இன்னைக்கும் பேச மாட்டீங்கன்னா, இறக்கியாச்சுன்னு இந்தச் சீட்டுப் பின்னாலயாவது எழுதி வைங்க.

இன்னொண்ணு. வண்டி ஓடுற அன்னைக்குப் பின்னால முதல்ல நான்தான் உக்காருவேன். பேத்தி எல்லாம் அதுக்குப் பொறவுதான்.